ஒரே அட்டை, ரெண்டு பள்ளிக்கூடம்: நான் தப்பா மார்க் போட்ட கதை

நல்ல டீச்சர்னா யாரு, நல்ல படிப்புன்னா எதுன்னு ஆளாளுக்கு ஒரு வரையறை வச்சிருப்பாங்க, எனக்கும் ஒண்ணு இருந்துச்சு, அது ஒரு படிவம். ஏ4 சைஸ்ல ரெண்டு பக்கம். அந்த படிவத்தை வச்சுக்கிட்டு ஒரே ஒன்றியத்துல இருந்த ரெண்டு தொடக்கப்பள்ளிக்கு நான் மார்க் போட்டேன். செயல்வழிக் கற்றல்னு ஒரு முறைக்காக ரெண்டுக்கும் அரசாங்கம் குடுத்தது அதே அட்டை, அதே ஏணி, அதே பயிற்சி. ஒரு பள்ளிக்கு 'மிக நன்று', இன்னொண்ணுக்கு 'முறை பின்பற்றப்படவில்லை'. தலைகீழா எழுதியிருக்கணும்னு புரியறதுக்கு எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. எப்படி அந்த தப்பு நடந்துச்சுன்னு முழுசா எழுதி வைக்கலாம்னுதான் இது.

நான் அப்போ வட்டார வள மையத்துல ஆசிரியர் பயிற்றுநர், அதாவது ஒன்றியத்துப் பள்ளிங்களுக்குப் போயி டீச்சருங்களுக்குப் பயிற்சி குடுக்கறது, வகுப்பைப் பாத்து எழுதறது. பள்ளிக்கூடங்கள்ல எங்களை பி.ஆர்.டி.ன்னுதான் சொல்லுவாங்க, பைக் சத்தம் கேட்டதுமே "பி.ஆர்.டி. சார் வராரு"ன்னு ஒரு பையன் உள்ள ஓடுவான், அவன் ஓடுனதுக்கப்புறம் நாம என்ன பாக்கறோமோ அது பாதி நாடகம்தான். இது நடந்தது 2009, 2010 சமயம், செயல்வழிக் கற்றல், அதாவது ஏ.பி.எல்., தமிழ்நாடு பூரா உச்சத்துல இருந்த நேரம்.

ஏ.பி.எல். பாக்காதவங்களுக்காக அது எப்படி ஓடும்னு கொஞ்சம் விவரமா சொல்லணும், இல்லேன்னா மீதிக்கதை புரியாது. ஒண்ணுல இருந்து நாலாவது வரைக்கும் பிள்ளைங்க கலந்து பாய்ல உக்காந்திருப்பாங்க, பெஞ்ச் கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் சுவத்துல ஒரு ஏணிப்படி ஒட்டியிருக்கும். பாடத்தை சின்னச் சின்ன மைல்கல்லா உடைச்சு, ஒவ்வொரு மைல்கல்லுக்கும் அறிமுகம், பயிற்சி, வலுவூட்டல், மதிப்பீடுன்னு வரிசையா அட்டைங்க. ஒவ்வொரு அட்டை மூலையிலயும் ஒரு சின்னம் இருக்கும், மிருகம், பறவை அந்த மாதிரி. பிள்ளை ஏணியைப் பாத்து தன்னோட இடத்தைக் கண்டுபிடிச்சு, ரேக்குக்குப் போயி அந்த சின்னம் போட்ட தட்டுல இருந்து அடுத்த அட்டையை எடுத்துக்கிட்டு, அந்த அட்டைக்குரிய குழுவுல போயி உக்காரணும். டீச்சர் முழுசா உதவுற குழு, பாதி உதவுற குழு, கூடப் படிக்கிற பிள்ளை முழுசா உதவுற குழு, பாதி உதவுற குழு, தானா செய்யற குழு, மதிப்பீட்டுக் குழு, இப்படி மொத்தம் ஆறு. சுவத்தோட அடிப்பகுதியில கருப்பு பெயிண்ட் அடிச்சு ஆளுக்கு ஒரு கட்டம், பிள்ளைங்க எழுதிப் பாக்க. தலைக்கு மேல கம்பி கட்டி பந்தல், அதுல அவங்க வரைஞ்சது எழுதுனதெல்லாம் கிளிப் போட்டு தொங்கும். வருகையைக் கூட பிள்ளைங்களே சார்ட்ல குறிச்சுக்குவாங்க.

இதுல எனக்கு இன்னைக்கும் பிடிச்ச விஷயம் ஒண்ணு. எங்க பக்கம் தை பொறந்தா செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பம் குடும்பமா கிளம்பிடுவாங்க, பிள்ளைங்களும் கூடவே போயிடும். பழைய முறையில அந்தப் பையன் மூணு நாலு மாசம் கழிச்சு வந்தா பாடம் எங்கேயோ போயிருக்கும், அவன் கடைசி வரிசையில உக்காந்து ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டே அந்த வருஷத்தை ஓட்டிடுவான். ஏ.பி.எல்.ல அவன் விட்ட அட்டை அவனுக்காக அங்கயே இருக்கும். சூளைக்குப் போன பையன் திரும்பி வந்து ரேக்ல கையை விட்டு, ஜனவரியில வச்சிட்டுப் போன அதே அட்டையை எடுத்துக்கிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி பாய்ல உக்காந்ததை நான் கண்ணால பாத்திருக்கேன். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த முறையை யார் திட்டினாலும் எனக்கு கோவம் வரும்.

இது எங்கேருந்து வந்துச்சுன்னா, அதுவும் இந்தக் கதைக்கு முக்கியம். டேவிட் ஹார்ஸ்பர்க்னு ஒரு இங்கிலீஷ்காரர், 1972ல கர்நாடகாவுல கோலார் மாவட்டத்துல ஒரு கிராமத்துப் பக்கம் நீல் பாக்னு ஒரு சின்னப் பள்ளி ஆரம்பிச்சாரு. பரீட்சை இல்ல, தண்டனை இல்ல, வெவ்வேற வயசுப் பிள்ளைங்க ஒண்ணா உக்காந்து அவங்கவங்க வேகத்துல படிப்பாங்க. 1984ல அவர் இறந்துட்டாரு. அந்தப் பக்கத்துலயே, ஆந்திராவுல மதனப்பள்ளிகிட்ட ரிஷி வேலி, ஜே. கிருஷ்ணமூர்த்தி ஆரம்பிச்ச பள்ளி. அங்க ராமா, பத்மநாப ராவ்னு கணவன் மனைவி ரெண்டு பேரும், நீல் பாக் யோசனையை எடுத்துக்கிட்டு, சுத்து வட்டார கிராமங்கள்ல ஒரே ஒரு டீச்சர் இருக்கற பள்ளிக்காக புத்தகத்துக்குப் பதிலா அட்டை, ஏணின்னு ஒரு முழு ஏற்பாட்டையே உருவாக்கினாங்க. ஒரே டீச்சர், நாலு வகுப்பு, என்ன பண்ணுவாங்க பாவம், ஒரு வகுப்புக்கு நடத்துனா மத்த மூணும் சும்மா உக்காந்திருக்கும். பிள்ளைங்க தானா வேலை செய்யட்டும், அப்போ டீச்சருக்கு கை காலியாகும், எந்தப் பிள்ளை முட்டிக்கிட்டு நிக்குதோ அதுகிட்ட போயி உக்காரலாம். மொத்த ஏற்பாடோட அடிப்படைக் கணக்கே இதுதான். இதை ஞாபகம் வச்சுக்கங்க.

நம்ம பக்கம் இதைக் கொண்டு வந்தது எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். அவர் வேலூர் கலெக்டரா இருந்தப்போ கொத்தடிமைத்தனத்துல இருந்து மீட்ட பிள்ளைங்களுக்கான பள்ளிகள்ல இந்த மாதிரி முயற்சி தொடங்குச்சு. பத்து வயசுப் பையன், அதுவரைக்கும் ஸ்லேட்டையே தொடாதவன், அவனை ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வைக்க முடியுமா, அங்க இந்த முறையைத் தவிர வேற எதுவும் எடுபடாது. அப்புறம் சென்னை மாநகராட்சி கமிஷனரா வந்து 2003ல 13 மாநகராட்சிப் பள்ளியில ஆரம்பிச்சாரு, அடுத்து 264 பள்ளி, டீச்சருங்க ரிஷி வேலிக்கே போயி பாத்துட்டு வந்து அட்டை தயாரிச்சாங்க. பின்னாடி அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு அவரே பொறுப்புக்கு வந்ததும், 2007-08ல மாநிலம் பூரா 37,000க்கும் மேல பள்ளிகள்ல ஒரே வீச்சுல கொண்டு வந்துட்டாங்க.

13ல இருந்து 37,000, நாலஞ்சு வருஷத்துல. அட்டையை அச்சடிச்சு லாரியில அனுப்பிடலாம், அனுப்புனோம். ரேக், பாய், பெயிண்ட் எல்லாம் போயிடுச்சு. டீச்சருக்கு சில நாள் பயிற்சி, அப்புறம் சனிக்கிழமை சி.ஆர்.சி. மீட்டிங், அதாவது பக்கத்துப் பக்கத்துப் பள்ளி டீச்சருங்க கூடற கூட்டம். அதை சரியா செய்யறாங்களான்னு பாக்க எங்களை மாதிரி ஆளுங்க கையில ஒரு படிவம்.

இப்ப ரெண்டு பள்ளிக்கு வரேன். முதல் பள்ளி மெயின் ரோட்டு மேல. போனா கண்ணுக்கு அவ்வளவு அழகா இருக்கும். பந்தல் ஃபுல்லா தாள் தொங்கும், சின்னம் சின்னமா அட்டை அடுக்கி இருக்கும், ஆறு குழுவும் ஆறு பாய்ல கோடு போட்ட மாதிரி உக்காந்திருக்கும், எந்தப் பிள்ளை எந்த மைல்கல்லைத் தாண்டுச்சுன்னு குறிக்கற அடைவு அட்டவணை அன்னன்னைக்கு டிக் பண்ணி இருக்கும். மாவட்டத்துல இருந்து பெரிய அதிகாரி வந்தா நாங்க கூட்டிட்டுப் போற பள்ளி அதுதான். அந்த டீச்சர் சோம்பேறின்னு நினைச்சுடாதீங்க, ராத்திரி ஒம்பது மணிக்கு பதிவேடு எழுதறவங்க அவங்க. கேட்டதை எல்லாம் செஞ்சாங்க. பிரச்சினையே அங்கதான் இருந்துச்சு, ஆனா அது எனக்கு அப்போ தெரியல.

ரெண்டாவது பள்ளி உள்ள தள்ளி, ஏரிக்கரையைத் தாண்டி. ரெண்டு டீச்சர், அதுல எச்.எம். அம்மாவுக்கு ஐம்பது வயசுக்கு மேல. நான் போன அன்னைக்கு பாய் எல்லாம் சுருட்டி மூலையில கிடந்துச்சு. அட்டைங்க பாதி கிழிஞ்சு சோத்துப்பருக்கை வச்சு ஒட்டி இருந்துச்சு. குழுன்னு பாத்தா மூணுதான். ஒரு பதினோரு பிள்ளைங்க நடுவுல வட்டமா உக்காந்து கடை வச்சு விளையாடிட்டு இருக்கு, பத்து பத்து தீக்குச்சியா நூல் சுத்துன கட்டு, புளியங்கொட்டை, வாங்கறதும் மீதி சில்லறை குடுக்கறதும் ஒரே சத்தம். என்னங்க மேடம் இதுன்னு கேட்டேன். "சார், இந்த பதினோரு பேருக்கும் கடன் வாங்கிக் கழிக்கறதுல ஒரே இடத்துல முட்டுது. அட்டையில போட்டா பக்கத்துல இருக்கறவனைப் பாத்து எழுதிட்டு டிக் வாங்கிட்டுப் போயிடறான். கட்டை அவன் கையால பிரிக்கணும் சார், அப்பதான் பத்து உடையறது தெரியும்"னாங்க. நான் தலையை ஆட்டிட்டு படிவத்துலயும் அந்தப் பள்ளி பார்வையாளர் பதிவேட்டுலயும் எழுதினேன்: 'ஆறு குழுக்கள் அமைக்கப்படவில்லை. முறை பின்பற்றப்படவில்லை.' படிவத்துல அதுக்குத்தான் கட்டம் இருந்துச்சு, புளியங்கொட்டைக்கு கட்டம் இல்ல. மேல போச்சு, அவங்களுக்கு விளக்கம் கேட்டு கடிதம் வந்துச்சு.

அடுத்த ஜூன்ல ஒரு சின்ன விஷயம் நடந்துச்சு. மெயின் ரோட்டுப் பள்ளியில ரெண்டாவது முடிச்ச ஒரு பொண்ணு, வீட்டுல ஏதோ பிரச்சினை, பாட்டி ஊருக்கு வந்து ஏரிக்கரைப் பள்ளியில சேந்துச்சு. அந்தப் பொண்ணை எனக்கு நல்லாத் தெரியும், ஏன்னா மெயின் ரோட்டுப் பள்ளியில மாதிரிக்கு அஞ்சு பிள்ளைங்களை நான் படிக்க வச்சுப் பாத்தப்போ அதுல ஒண்ணு அது. கடகடன்னு படிச்சுது. நானே டிக் போட்டேன்.

நான் அந்தப் பள்ளிக்குப் போனப்போ எச்.எம். அம்மா அந்தப் பொண்ணைக் கூப்பிட்டாங்க. "பாப்பா, சாருக்கு படிச்சுக் காட்டு." ஒரு அட்டையை நீட்டினாங்க. படம், பட்டம், மரம்னு வரிசையா படிச்சுது, தடங்கலே இல்ல. நான் சிரிச்சேன். அம்மா ஒண்ணும் சொல்லாம அதே அட்டையில படத்தை மட்டும் கட்டை விரலால மூடிட்டு மறுபடி காட்டினாங்க. பொண்ணு அட்டையைப் பாத்துச்சு, அம்மாவைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. வாயே தொறக்கல. அப்புறம் மெதுவா "டீச்சர், விரலை எடுங்க"ன்னுச்சு.

அந்தப் பொண்ணு ஏமாத்தல, அதையும் சொல்லணும். ரெண்டு வருஷமா அது கெட்டிக்காரத்தனமா ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருந்துச்சு, படத்தைப் பாத்தா வார்த்தை வந்துடும், மத்த பிள்ளைங்க சத்தமா படிக்கறதைக் கேட்டு வரிசையும் மனப்பாடம் ஆயிடும். மதிப்பீட்டு அட்டையையும் அப்படியே தாண்டிடுச்சு. அட்டைக்கு காது கிடையாது, பொண்ணு எழுத்தைப் படிச்சுதா, ஞாபகத்துல இருந்து சொல்லுச்சான்னு அட்டைக்குத் தெரியாது. டீச்சருக்குத் தெரியணும், ஆனா அந்த டீச்சர் ஆறு பாய்க்கும் நடுவுல அடைவு அட்டவணையை நிரப்பிக்கிட்டு இருந்தாங்க, ஏன்னா வெள்ளிக்கிழமை நான் வருவேன். இதுதான் எனக்கு உறைச்சது. டீச்சர் கை காலியாகணும்னு கண்டுபிடிச்ச முறை, காலியான அந்தக் கையில நாங்க கொண்டு போயி பதிவேட்டைக் குடுத்துட்டோம்.

எச்.எம். அம்மா அப்புறம் என்ன பண்ணாங்கன்னா, முதல்ல அந்தப் பொண்ணோட மானத்தைக் காப்பாத்துனாங்க. மூணாவது படிக்கற பிள்ளையை "நீ திரும்ப முதல் அட்டையில இருந்து வா"ன்னு சொன்னா அது பள்ளிக்கூடத்துக்கே வராது. அதனால ஒண்ணாவதுல புதுசா சேந்த ஒரு குட்டிப் பையனுக்கு இவதான் டீச்சர்னு சொல்லிட்டாங்க. சொல்லிக் குடுக்கணும்னா முந்தின நாளே இவளுக்குத் தெரியணுமே, அதனால சாயங்காலம் கால் மணி நேரம் ரெண்டு பேரும் சேந்து 'நாளைக்கு என்ன நடத்தலாம்'னு பாப்பாங்க. ஏ.பி.எல்.ல எழுத்து அ, ஆவுல தொடங்காது, எழுத சுலபமா இருக்கற ட, ப, ம அந்த மாதிரி எழுத்துல தொடங்கும் (இதுக்கு எத்தனை அப்பாமாருங்க வந்து சண்டை போட்டாங்கன்னு கேளுங்க, "ஆறு மாசமாச்சு, என் புள்ளைக்கு அனா ஆவன்னா தெரியலை"ன்னு). அந்த எழுத்தை வச்சு அட்டையில இல்லாத வார்த்தையா, படம் இல்லாத வார்த்தையா தரையில சாக்பீஸ்ல எழுதுவாங்க. பாட்டி வீட்டு ஆடுங்களோட பேரு, அவங்க தெரு பேரு, சித்தப்பா பேரு. சில நாள் அர்த்தமே இல்லாத வார்த்தை எழுதுவாங்க, 'டமப', 'பமட'ன்னு, அதைப் படிச்சுட்டு ரெண்டு பேரும் சிரிப்பாங்க. அர்த்தம் இல்லாததை ஊகிக்க முடியாது, எழுத்தைக் கூட்டித்தான் ஆகணும். அந்த அம்மா எந்தப் பயிற்சியில இதைக் கத்துக்கிட்டாங்கன்னு கேட்டேன், "என் சின்னப் பையன் இப்படித்தான் சார் என்னை ஏமாத்துனான்"னாங்க.

தீபாவளி தாண்டி ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனப்போ சத்துணவுக் கூடத்து வாசல்ல ஒரு தகராறு. அந்தப் பொண்ணு சுவத்துல எழுதியிருக்கற மெனுவைக் காட்டி ஆயாகிட்ட சண்டை போடுது, "இன்னைக்கு சுண்டல்னு போட்டிருக்கு, ஏன் போடல?" ஆயா, "யாருடி உனக்குச் சொன்னா"ங்கறாங்க. "யாரும் சொல்லல, போட்டிருக்கு." அந்த சுவத்துல படம் எதுவும் கிடையாது.

இந்த சம்பவத்தை நான் நாலு இடத்துல சொல்லும்போதெல்லாம் உடனே ஒரு முடிவுக்கு வந்துடறாங்க, 'பாத்தீங்களா, முறை எல்லாம் வேஸ்ட், நல்ல டீச்சர் இருந்தா போதும்'னு. எனக்கு அது ஒத்துவரல. இதே எச்.எம். அம்மாவை பழைய முறையில புத்தகத்தோட அஞ்சு வகுப்புக்கு நடுவுல நிறுத்தியிருந்தா அவங்களுக்கு அந்த கால் மணி நேரம் கிடைச்சிருக்காது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படியே 60 பிள்ளைங்க வரைக்கும் 2 டீச்சர்தான், வகுப்பு அஞ்சு. பிள்ளைங்க தானா அட்டை எடுத்து வேலை செஞ்ச பழக்கம் இருந்ததாலதான் அவங்களால ஒரு பதினோரு பேரைத் தனியா உக்கார வைக்க முடிஞ்சுது. முறையை அவங்க கருவியா வச்சுக்கிட்டாங்க, தேவைப்பட்டப்போ எடுத்தாங்க, வேண்டாதப்போ ஓரமா வச்சாங்க. மெயின் ரோட்டு டீச்சருக்கு அந்த தைரியம் வர விடாம பண்ணது நாங்க. அவங்களுக்கும் கண்ணு இருந்துச்சு, நான் பின்னாடி பேசினப்போ "எனக்கும் சந்தேகமாத்தான் சார் இருந்துச்சு, ஆனா அந்தப் பொண்ணை நிறுத்தி வச்சா மைல்கல் பின்தங்கிடுச்சுன்னு நீங்கதானே கேப்பீங்க"ன்னு சொன்னாங்க. பதில் சொல்ல முடியல.

ஒரு டீச்சரோட வேலையில மத்தவங்க பாக்க முடியாத பகுதிதான் பெரும்பகுதின்னு எனக்கு அதுக்கப்புறம் தோணுச்சு. ஒரு பிள்ளை எங்க முட்டுதுன்னு கண்டுபிடிக்கறது, அது முட்டுற இடம் அதுக்கே அவமானம் ஆகாம பாத்துக்கறது, ரெண்டுமே வெளியில இருந்து வரவனுக்குத் தெரியாது. வெளியில இருந்து தெரியறது ரேக்கும் பந்தலும். அதிகாரிங்க தெரியறதை எண்ணுவாங்க, எண்ணறதைத்தான் டீச்சருங்க செய்வாங்க, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. நீல் பாக்ல இருந்து வந்த யோசனை 37,000 பள்ளிக்குப் போகும்போது யோசனை வழியில எங்கேயும் தொலையல, அதைப் பாக்கற கண்ணுதான் தொலைஞ்சுது.

அதுக்கப்புறம் என்னாச்சுன்னு சுருக்கமா சொல்லிடறேன். 2012-13ல வருஷத்தை மூணு பருவமா பிரிக்கற முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்துச்சு, பாடம் நடக்கும்போதே பாக்கற வளரறி மதிப்பீட்டுக்கு 40 மார்க், பருவக் கடைசியில வைக்கற தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60, அதுக்குத் தனிப் பதிவேடு. அட்டைங்க எளிமைப்படுத்தப்பட்டு கொஞ்சம் கொஞ்சமா ஓரம் போச்சு. இங்கிலீஷ் மீடியம் வேன் ஊருக்குள்ள வர ஆரம்பிச்சதும் பாதிப் பிள்ளைங்க அதுல ஏறிடுச்சு, புத்தகம் இல்ல வீட்டுப்பாடம் இல்ல, என்ன பள்ளிக்கூடம்னு கேட்டவங்களுக்கு நாங்க சரியா பதில் சொன்னதும் இல்ல. கொரோனாவுக்கு அப்புறம், கிராமத்துல வீடு வீடாப் போயி பிள்ளைங்களைப் படிக்க வச்சுப் பாக்கற அசர் (ASER) 2022 கணக்கெடுப்புல தமிழ்நாட்டு கிராமத்துல மூணாவது படிக்கற பிள்ளைங்கள்ல ரெண்டாவது பாடத்தைப் படிக்கத் தெரிஞ்சவங்க 4.8 சதவீதம்னு வந்துச்சு, 2018லயே அது 10.2தான். அதைப் பாத்து எல்லாரும் அதிர்ச்சி ஆனாங்க, எனக்கு அந்த கட்டை விரல்தான் ஞாபகம் வந்துச்சு, ஏன்னா அசர் படிப்புத் தாள்ல படம் கிடையாது, வெறும் எழுத்துதான். 2022 ஜூன்லதான் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்குச்சு, அதுல பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையா பிரிச்சு அவங்கவங்க நிலையில இருந்து நடத்தணும். பேரு மாறிடுச்சு, எண்ணம் பழசுதான். படிவம் மட்டும் இப்போ ஆப்.

நான் அந்த வேலையில இருந்து கிளம்பறதுக்கு முன்னாடி கடைசியா ஏரிக்கரைப் பள்ளிக்குப் போனேன். பார்வையாளர் பதிவேட்டை எடுத்து வைக்கச் சொல்லி, நான் முன்னாடி எழுதினது தப்பு, அதுக்குக் கீழயே திருத்தி எழுதிடறேன் மேடம், என் மனசு கேக்கலன்னேன். எச்.எம். அம்மா பதிவேட்டை மூடி மேசை டிராயர்ல வச்சுட்டாங்க.

"விடுங்க சார். நீங்க அதுக்குக் கீழ இன்னொண்ணு எழுதுனா, அதுக்கும் நான்தான் விளக்கம் எழுதணும்."